ஷம்போ என்ற காளையும் இரண்டு தீர்ப்புகளும்

பொங்கல் வந்தால் லிட்டில் இந்தியாவில் மாடு பார்க்கக் கூட்டம் கூடிவிடும். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டும் பெற்றோரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் செழித்தது. பஃபலோ ரோடு என்ற பெயரும், எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயரும் அதற்குச் சாட்சி. 1930களில் நகராட்சியின் சுகாதாரக் கட்டுப்பாடுகளால் மாடுகள் அங்கிருந்து வெளியேறின.

சுகாதாரமா, மாடா என்ற அந்தக் கேள்வி 2007இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு முருகன் ஆலயத்தின் வாசலுக்கே வந்தது.

இலங்கையில் பிறந்த குரு சுப்ரமணியம் 1973இல் அமைத்தது ஸ்கந்த வேல் ஆலயம். ஆங்கிலத்தில் 'வேல்' என்றால் பள்ளத்தாக்கு; அங்கு திரண்டு வரும் தமிழ் பக்தர்களின் காதில் அது முருகனின் வேல்தான். ஆலயத்தில் வளர்ந்த ஆறு வயதுக் காளை ஷம்போவுக்கு அந்த ஆண்டு ஏப்ரலில் காசநோய்ச் சோதனை நடந்தது. முடிவு பாதகமாக வந்தது. காளையைக் கொல்ல வேண்டும் என்றது வேல்ஸ் அரசு.

அரசின் பக்கம் வரலாறு இருந்தது. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக், மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1901இல் சொன்னார். பிரிட்டனின் விசாரணைக் குழு பத்தாண்டு ஆராய்ந்து அதை மறுத்தது. 1930களில் அங்கு ஆண்டுக்குச் சுமார் 2,500 பேர் மாட்டுக் காசநோயால் இறந்தார்கள். கிருமி பெரும்பாலும் காய்ச்சாத பாலில் வந்தது. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தியதும், 1950 முதல் கட்டாயமாகச் சோதித்து நோயுள்ள மாடுகளை அகற்றியதும் அந்தக் கொடுமையைத் தணித்தன.

ஆலயத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. கழுத்துத் தோலில் டியூபர்குலின் மருந்தைச் செலுத்தி, மூன்று நாள் கழித்து வீக்கத்தை அளப்பதே சோதனை. கிருமி உடலில் புகுந்திருக்கிறது என்பதை அது உணர்த்தும். நோய் எவ்வளவு முற்றியது, பிற உயிர்களுக்குப் பரவுமா என்பதைச் சொல்லாது. "காளையைத் தனியே வைத்துக் காக்கிறோம். பாலுக்கோ இறைச்சிக்கோ அது போகாது. பிறகு ஏன் கொல்ல வேண்டும்?" இதுதான் அவர்களின் வாதம்.

ஜூலை 16இல் உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை ரத்து செய்தது. ஒரே வாரத்தில், 23ஆம் தேதி, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 26ஆம் தேதி பக்தர்கள் பாடி வழிபட்டுக்கொண்டிருக்க, போலீசார் உள்ளே நுழைந்தனர். ஷம்போ கொண்டுசெல்லப்பட்டு, ஊசி போட்டுக் கொல்லப்பட்டது. காசநோய்க்கு உரிய புண்கள் உடலில் இருந்ததாகப் பின்னர் அரசு அறிவித்தது.

அறிவிப்பைக் கேட்டவர்களில் சிலர் 'அரசு சொன்னது சரிதானே' என்றார்கள். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. 1999இல் நிப்பா கிருமி நம் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேரைத் தாக்கி, ஒருவரைப் பலிகொண்டது. மலேசியாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. நோயைத் தடுக்கச் சில உயிர்களை இழக்க நேரும் என்பதை நாமும் கண்டவர்கள்தான். ஆனால் இழப்பவரிடம் காரணத்தை விளக்க வேண்டாமா?

பசுவதைத் தடைச் சட்டங்கள் பல மாநிலங்களில் உள்ள இந்தியாவில், சோதித்துக் கொல்லும் வழி எளிதில் செல்லாது. தடுப்பூசி போட்டால் பழைய சோதனை குழம்பிவிடும். தடுப்பூசியையும் நோயையும் பிரித்தறியும் புதிய சோதனைகள் களத்தில் ஆராயப்படுகின்றன. கத்தியில்லாத ஒரு வழி அங்கிருந்து பிறக்கலாம்.

அதுவரை இரு தரப்புக்கும் கடமை உண்டு. கொல்வதற்கு முன் மாற்று வழியுண்டா என்று தேடுவது அரசின் கடமை. இல்லையென்று உறுதியானால், அண்டை வீட்டுத் தொழுவத்தையும் நினைத்துப் பார்ப்பது பக்தரின் கடமை. அடுத்த பொங்கலுக்கு மாடு பார்க்கப் போகும்போது, பிள்ளைகளுக்கு ஷம்போவின் கதையையும் சொல்லுங்கள். அவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.