அலைமேல் நின்ற அரசகுமாரர்

லிவர்மோரில் வாழும் நம்மவர் சிலர், நாற்பது வயதைக் கடந்த பின்னர், குழுவாகப் பொத்துவில் அறுகங்குடாவுக்குச் சென்று அலைச்சறுக்கல் பழக ஆயத்தமாகின்றனர். நாமும் மகிழ்கின்றோம். ஆயினும், புறப்படுமுன் அவ்விளையாட்டின் வரலாற்றை அறிந்துகொள்ளல் நன்று.

நமது ஊருக்குத் தெற்கே, மலைகளுக்கு அப்பாலுள்ள சாந்தா குறூஸ் கடற்கரையில், 1885 ஆம் ஆண்டு ஹவாய் அரசகுமாரர் மூவர் ரெட்வூட் மரப்பலகைகளில் அலையேறினர். கல்வி கற்க வந்த இளைஞர்கள் அவர்கள். கலிபோர்னியாவில் இவ்விளையாட்டின் வரலாறு அவர்களிலிருந்தே தொடங்குகின்றது. எட்டாண்டுகளின் பின், 1893 இல், ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898 இல் அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அரசு போயிற்று, விளையாட்டோ உலகெங்கும் பரவிற்று. இன்று அலையேறுவோருள் எத்தனை பேர் அம்மக்களை நினைக்கின்றனர்?

அறுகங்குடாவுக்கும் அந்நிலை நேரலாம். மே முதல் செப்டெம்பர் வரை அங்கு வெளிநாட்டார் திரள்வர். ஆனால் அது முதலில் மீனவர் கரை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூவினத்தாரும் வாழும் பகுதி. போரைக் கண்டது, 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் உயிர்களையும் வீடுகளையும் இழந்தது.

பலகையோடு செல்வோர், அக்கரையின் முதியவர் ஒருவரிடமேனும் ஊர்க்கதை கேட்டு வருக. மண்ணைப் பிரிந்து வந்தவர் நாம். ஒரு மண்ணின் கதை அறியாது அதன் அலையில் மட்டும் ஆடித் திரும்புதல் நமக்கு அழகன்று.