பூஞ்சணம் அல்லாத பூஞ்சணம்: ஒரு நீர்நோயின் பெயர் வரலாறு

நோய்ப்பெயர்களை ஆராய்தல் மருத்துவர்க்கே உரியதென்று தமிழாய்வாளர் ஒதுங்கிவிடுதல் பெருவழக்காயிற்று. ஆயினும், பெயர் மாறுந்தோறும் பொருளறிவும் மாறிவந்த ஒரு நோய் தமிழகத்துக் குளங்களோடு தொடர்புடையதாகக் காணப்படுதலின், அதன் பெயர் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது அந்நோய். கிரேக்கத்தில் மூக்கினைக் குறிக்கும் சொல்லும் வித்தினைக் குறிக்கும் சொல்லும் கூடி அமைந்த பெயர் இது. மூக்கினுள் செந்நிறச் சதை வளர்ந்து, மேற்பரப்பில் வெண்புள்ளிகள் தோன்றும். சிறிது தீண்டினும் குருதி கசியும். கண்ணிமையின் உட்புறத்தும் வருவதுண்டு. தோலில் தோன்றுதல் அரிது. ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குப் பரவுவதன்று. உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நிலப்பகுதிகள் தென்னிந்தியாவும் இலங்கையுமே.

எனினும் முதற்குறிப்பு நம் நாட்டினதன்று. 1900-இல் புவனோஸ் அயர்சில் கில்லெர்மோ சீபர் தம் ஆய்வேட்டில் இதனை விளக்கினார். 1903-இல் கல்கத்தாவில் ஓ'கினீலி ஒரு நோயாளியைப் பற்றி எழுத, அதனைக்கொண்டு மிஞ்சின், ஃபேன்தம் என்னும் இருவர் 1905-இல் ‘ரைனோஸ்போரிடியம் கினீலி’ என்று பெயரிட்டனர். நோயுயிரியை அவர்கள் ஓரணு விலங்கினமாகக் கொண்டனர். சென்னையில் திருமூர்த்தி 1914-இல் எழுதிய கட்டுரையும் அப்பெயரையே தாங்கியது. 1923-இல் ஆஷ்வொர்த் என்பார் எடின்பரோவில் தங்கியிருந்த இந்திய மாணவர் ஒருவரிடம் கண்ட நோயை நுணுகி ஆராய்ந்து, இது விலங்கன்று, பூஞ்சணமே என்று முடிவுகூறி, சீபரின் முதன்மையை ஏற்று ‘ரைனோஸ்போரிடியம் சீபெரி’ எனப் பெயரைத் திருத்தினார். தோலில் வரும் வகையினை மறு ஆண்டே ஃபோர்சைத் எழுதினார். இலங்கையின் கருணாரத்தின 1964-இல் வெளியிட்ட தனிநூலும் பூஞ்சணக் கொள்கை ஓங்கியிருந்த காலத்தது.

ஆஷ்வொர்த்தின் முடிவை எளிதில் குறைகூறலாகாது. வித்துப்பை, அதனுள் ஆயிரக்கணக்கான வித்துக்கள் என்னும் அமைப்பைக் காண்பார் எவரும் பூஞ்சணம் என்றே கருதுவர். ஆனால் பூஞ்சணங்களை வளர்க்கும் ஊடகங்களில் இதனை வளர்க்க இயலவில்லை. அவ்வியலாமையே ஓர் எச்சரிக்கையாக இருந்திருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. 1999-இல் மரபணு ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது. இவ்வுயிரி மீன்களைப் பற்றும் சில ஒட்டுண்ணிகளுக்கு உறவாகி, விலங்கினமும் பூஞ்சணமும் பிரியும் கிளைக்கு அருகில் நிற்கின்றது. மிஞ்சினும் ஃபேன்தமும் கொண்ட பழைய கொள்கையே உண்மைக்குச் சற்று அணித்தாயிருந்தது!

மீன்களின் உறவென அறிந்தபின் நீரின் தொடர்பு வலுப்பெற்றது. தேங்கிய குளத்து நீரில் மூழ்கிக் குளிப்போரும் ஆற்று மணல் அள்ளுவோரும் இந்நோய்க்கு ஆளாதல் நெடுங்காலம் அறியப்பட்ட செய்தி. கன்னியாகுமரி மாவட்டத்து நிலை குறித்த ஆய்வொன்று 1988-இல் வெளிவந்தது. புதுச்சேரி நகரின் வடபால் உள்ள முத்தியால்பேட்டைக்கு மேற்கே, கோரிமேட்டில் அமைந்த ஜிப்மர் மருத்துவமனையினர், தோலெங்கும் பரவிய அரிய வகையினை 1998-இல் பதிவு செய்தனர். ஆயினும் ஒரு குளத்தில் நூற்றுவர் குளிக்க ஒருவர்க்கே நோய் வருதல் ஏன் என்னும் வினாவிற்கு நீர் மட்டும் விடையாகாது. குளத்தின்மேல் முழுப்பழியும் சுமத்துவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

பெயர் தவறின் வரும் கேடு யாது? இந்நோய்க்கு அறுவையும், அடிப்பகுதியைச் சுட்டு நீக்குதலுமே முதன்மைச் சிகிச்சையாதலின் கேடு பெரிதன்று. இதற்கு ஒப்பான பித்தியம் இன்சிடியோசம் என்னும் நீர்வாழ் உயிரியின் செய்தி வேறு. 1987-இல் இப்பெயர் பெற்ற இதுவும் இழை இழையாக வளர்ந்து பூஞ்சணம் போலவே தோன்றும்; உறவாலோ கடற்பாசிகளுள் பழுப்பினத்திற்கு அணித்தானது. தாய்லாந்தில் தலசீமியா உடையாரின் கால்களைப் பற்றி உறுப்பையே இழக்கச் செய்கின்றது. தென்னிந்தியாவில் பெரிதும் கருவிழிப் புண்ணாக வருகின்றது. பூஞ்சண மருந்துகள் பல எர்கோஸ்டெரால் என்னும் பொருளைக் குறிவைப்பன. இவ்வுயிரியின் உயிரணுச் சவ்வில் அப்பொருள் இல்லாமையின் அவை பெரும்பாலும் பயன்படுவதில்லை. பூஞ்சணம் என்று பெயரிட்டு மருந்திட்ட நாட்களில் கண் அழிகின்றது.

ஆகலின் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் இவற்றைப் ‘பூஞ்சணத் தொற்று’ என்று எழுதுதல் பொருந்தாது. ‘பூஞ்சணப்போலி’ என்பது எம் பரிந்துரை. நன்னூலார் கூறும் போலி, எழுத்து மாறியும் பொருள் மாறாதது. இங்கோ தோற்றம் ஒத்தும் பொருள் வேறுபடுகின்றது. எனவே இலக்கணப் பொருளிலன்றி வழக்குப் பொருளிலேயே இச்சொல்லைக் கொள்கின்றோம். புதுவையில் பிரெஞ்சு மருத்துவர் கொல்லா 1861-இல் எழுதிய மதுரைக்கால் நோயை இதனுள் அடக்கலாகாது. அது முள் முதலியன தைத்த புண்வழி மண்ணிலிருந்து புகுவது. அதன் ஒரு வகை மெய்யான பூஞ்சணத்தாலும் மற்றொரு வகை பாக்டீரியாவாலும் வருவன.