சாவுக்குப் பின் கூலி: தாது வருஷப் பஞ்சம் சொல்வது



1347இல் ஐரோப்பாவுக்குள் நுழைந்த கொள்ளைநோய் மூன்றில் ஒருவரையாவது கொன்றது. பிழைத்த உழவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். இங்கிலாந்து அரசு 1351இல் சட்டம் போட்டுக் கூலியைப் பழைய அளவிலேயே நிறுத்தப் பார்த்தது. 1381இல் எழுந்த உழவர்கள் ஒடுக்கப்பட்டார்கள். ஆனாலும் பண்ணையடிமை முறை மெல்ல உடைந்தது.

இங்கே 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பசியாலும் காலராவாலும் மாண்டார்கள். 1877 சனவரி 1 அன்று லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார். அதைத் தின்று மண் சுமக்க முடியாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பஞ்சத்துக்கென ஒதுக்கிய நிதியிலும் 1878இல் தொடங்கிய ஆப்கன் போர் கை வைத்தது.

அங்கே சாவு உழைப்பின் விலையை ஏற்றியது. இங்கே பிழைத்த சேரிக்குப் பேரம் பேசும் பலம் வரவில்லை. உழ நிலமில்லை, குடிசை நின்ற மனையும் மிராசுதாரர் பிடியில். கூலி கேட்டால் குடிசை போகும். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கை இதைப் பதிவு செய்தது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

எம். புதுப்பட்டி வட்டாரத்தில் பட்டாசு வந்ததற்கு மழையில்லாத வானத்தைக் காரணம் சொல்கிறார்கள். நிலமில்லாத கைகளும் காரணம். ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் நிவாரணம் கேட்கிறோம். நிலத்தையும் சேர்த்துக் கேட்போம்.