விசிலில் தொடங்கிய கலை

'ஹேக்கர்ஸ்' படத்தை யாராவது கேலி செய்தால் எனக்குச் சட்டென்று கோபம் வரும். 1995 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் வெளியான படம் அது. சுமார் 2 கோடி டாலர் செலவழித்து எடுத்தார்கள்; அந்நாட்டுத் திரையரங்குகளில் சுமார் 75 லட்சம் டாலர்தான் திரும்பி வந்தது. ஆனால் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கும் எங்களில் பலரிடம் அந்தப் பெயரை இன்றைக்குச் சொன்னாலும் முகம் மலர்ந்துவிடும். அந்தப் பிரியத்துக்குக் காரணம் படத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாறு.

படத்தில் கம்ப்யூட்டரைக் காட்டும் விதம் கற்பனைதான். 'கிப்சன்' என்ற சூப்பர் கம்ப்யூட்டருக்குள் கோப்புகள் எல்லாம் ஒளிரும் கண்ணாடிக் கோபுரங்களாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே கேமரா பறக்கிறது. எங்கள் வேலையில் கண்ணுக்குத் தெரிவது கறுப்புத் திரையும் அதில் ஓடும் எழுத்துகளும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஒரு இயக்குநர் ரசிகரை எப்படி உட்காரவைப்பார்? இயன் சாஃப்ட்லி மாடல்களைக் கட்டி, மோஷன் கண்ட்ரோல் கேமராவை ஓட்டி அந்த நகரத்தை உருவாக்கினார். கம்ப்யூட்டரின் பெயர் 'நியூரோமான்சர்' நாவலை 1984இல் எழுதிய வில்லியம் கிப்சனுக்குச் செலுத்திய மரியாதை. தரவுகளை ஒளிநகரமாகக் கனவு கண்டவர் அவர். அந்தக் கோபுரங்களை இலக்கிய வாசகனாகவே ரசிக்கிறேன்.

மனிதர்களிடம் வரும்போது படம் துல்லியமாகிவிடுகிறது. ஃபேன்டம் ஃப்ரீக் என்ற பையன் பொதுத் தொலைபேசியில் காசு போடாமல், கையடக்க டேப் ரெக்கார்டரை ரிசீவரின் வாயருகே பிடிப்பான். இது கட்டுக்கதை இல்லை. அமெரிக்கக் காசு போன்கள் எந்தக் காசு விழுந்தது என்பதைச் சத்தத்தால்தான் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லின. 5 சென்ட்டுக்கு ஒரு 'பீப்', 10 சென்ட்டுக்கு இரண்டு, 25 சென்ட்டுக்கு ஐந்து. அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து திரும்பப் போட்டால் எக்ஸ்சேஞ்ச் காசு விழுந்ததாக எடுத்துக்கொள்ளும்.

தொலைபேசியை ஏமாற்றும் இந்தக் கலைக்குப் படத்தைவிட வயது அதிகம். ஜோ எங்ரெஸ்ஸியா பிறவியிலேயே பார்வையற்றவர். 1950களில், ஏழு வயதுச் சிறுவனாக இருந்தபோது, போனில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் விசில் அடித்தால் இணைப்பு அறுந்துபோவதைக் கண்டுபிடித்தார். அந்தச் சுருதி ஏறக்குறைய 2600 ஹெர்ட்ஸ். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் நெடுந்தூர இணைப்பில் அந்த ஒலிக்கு 'லைன் காலியாக இருக்கிறது' என்று பொருள். அதைக் கேட்டதும் எதிர்முனை இயந்திரம் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அப்புறம் சரியான ஒலிகளைக் கொடுத்தால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் காசில்லாமல் பேசலாம். காலை உணவு டப்பாவில் இலவசமாக வந்த விசில் ஒன்றும் இதே சுருதியில் ஊதியது. 'கேப்டன் க்ரன்ச்' என்ற அந்த உணவின் பெயரையே, இந்தக் கலையில் இறங்கிய ஜான் டிரேப்பர் தன் புனைபெயராக்கிக்கொண்டார். ஒலிகளை எழுப்பும் 'ப்ளூ பாக்ஸ்' கருவியைப் பற்றி 1971 அக்டோபர் 'எஸ்கொயர்' இதழில் ரான் ரோசன்பாம் கட்டுரை எழுதினார். அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்ஸும் ப்ளூ பாக்ஸ் செய்து விற்றார்கள். ஆப்பிள் பிறந்தது அதற்குப் பிறகு.

கோளாறு எங்கே இருந்தது? பேசுபவரின் குரலும் இயந்திரத்துக்கான கட்டளையும் ஒரே கம்பியில் போயின. கட்டளைக்கென்று தனிப்பாதை போட்ட பிறகு விசிலின் மகிமை போயிற்று. ஆனால் அந்தக் கோளாறு சாகவில்லை. இணையதளத்தில் பெயர் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதினால் டேட்டாபேஸ் அதற்குக் கீழ்ப்படிந்துவிடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று நாங்கள் அழைக்கும் இந்த ஓட்டையை 1998இல் 'ஃப்ராக்' என்ற ஹேக்கர் இதழ் வெளியே சொன்னது. இன்றும் அதை அடைப்பது எங்கள் அன்றாட வேலை. ஒரு சிறுவனின் விசிலுக்கும் என் மாதச் சம்பளத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

1984இல் நியூயார்க்கில் எரிக் கார்லி ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயரே '2600'. ஆர்வெல்லின் '1984' நாவலில் வரும் இமானுவேல் கோல்ட்ஸ்டீன் என்ற பாத்திரத்தின் பெயரைத் தன் புனைபெயராக வைத்துக்கொண்டார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வாசகர்கள் பொது இடத்தில், காசு போன்களுக்குப் பக்கத்தில் கூடுவார்கள். கற்றதை மறைக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது அந்தக் கூட்டத்தின் பழக்கம். கார்லி இந்தப் படத்துக்கு ஆலோசகர். மாத்யூ லில்லார்டு நடித்த பாத்திரத்தின் இயற்பெயர் இமானுவேல் கோல்ட்ஸ்டீன் என்று வைத்திருப்பது அதற்கு நன்றி சொல்லும் முறை. புனைபெயர்கள், போட்டி, விடிய விடியப் பேச்சு, புதிதாக வந்த சின்னப் பையனைச் சீண்டிக்கொண்டே அரவணைப்பது எல்லாம் இந்தக் கூட்டத்தின் வழக்கங்கள். படம் அவற்றை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

அரசின் பயத்தையும் படம் சரியாகப் பிடித்தது. கதை 1988இல், 1,507 கணினிகளைச் செயலிழக்கச் செய்த 11 வயதுப் பையனின் வழக்கோடு தொடங்குகிறது. 18 வயதுவரை அவன் கணினியைத் தொடக்கூடாது என்று தீர்ப்பு. அதே 1988 நவம்பரில்தான் ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் எழுதிய நிரல் இணையத்தில் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. 1990இல் அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ் பல நகரங்களில் ரெய்டு நடத்தி, கணினிகளையும் பிளாப்பிகளையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த ஆண்டே 'ஃப்ராக்' இதழின் ஆசிரியரான கல்லூரி மாணவர்மீது ஒரு வழக்கு நடந்தது. அவர் வெளியிட்ட தொலைபேசி நிறுவன ஆவணத்தின் மதிப்பு 79,449 டாலர் என்றார்கள். ஏறக்குறைய அதே விவரங்களை 13 டாலருக்கு யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று தெரியவந்ததும் வழக்கு பாதியில் நின்றது. 'தி மென்டர்' என்ற புனைபெயரில் 1986இல் எழுதப்பட்ட ஹேக்கர் அறிக்கையைப் படத்தில் ஒரு அதிகாரி வாய்விட்டுப் படிக்கிறார். கூட இருப்பவர் எரிச்சலடைகிறார். அந்தத் தலைமுறையைப் புரிந்துகொள்ள அந்த ஒரு காட்சி போதும்.

படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு, 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. நான் படத்தைப் பார்த்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கல்லூரி விடுதியில், நண்பன் கொண்டுவந்த விசிடியில். எங்கள் ஊரில் அப்போது எஸ்டிடி பூத்தின் மஞ்சள் பலகையும் பிரவுசிங் சென்டரின் மோடம் இரைச்சலும்தான் தொலைத்தொடர்பு. மோடம் போடும் கீச்சொலியும் ஒரு பேச்சு, இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன என்ற எண்ணம் எனக்கு அந்தப் படம் பார்த்த இரவில்தான் வந்தது. இந்தத் துறைக்கு நான் வந்தது அதனால்தான்.

இன்று புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அதிலிருந்து ஒரு காட்சியைத்தான் முதல் பாடமாகப் போட்டுக் காட்டுகிறேன். நாயகன் நடுராத்திரி ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் செய்கிறான். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்கிறான், அவசரம் என்கிறான், வேலை முடியாவிட்டால் தலை போய்விடும் என்று புலம்புகிறான். காவலாளி இரக்கப்பட்டு, மோடத்தின்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லிவிடுகிறார். நிலையம் கைமாறுகிறது. இன்னொரு காட்சியில் பூங்கொத்து கொடுக்க வந்தவன் போல ஒருவன் அலுவலகத்துக்குள் நடந்து, ஊழியர்கள் பாஸ்வேர்ட் அடிப்பதைத் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து மனத்தில் பதித்துக்கொள்கிறான். நிறுவனத்தின் குப்பையையும் கிளறுகிறார்கள். கண்ணாடிக் கோபுரங்களை மறந்துவிடுங்கள். இந்த மூன்றிலும் ஒரு பிசகு கிடையாது.

நியூயார்க் நகராட்சிக்குச் சொந்தமான கடைசிக் காசு போனை 2022 மே மாதம் கழற்றிவிட்டார்கள். அந்தப் பையன்கள் ஏமாற்றிய இயந்திரங்களில் பெரும்பாலானவை இப்போது இல்லை. காவலாளி மட்டும் இருக்கிறார். 'பேங்க்கிலிருந்து பேசறேன் சார், உங்க கார்டு பிளாக் ஆகப்போகுது, ஓடிபி சொல்லுங்க' என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் அழைப்பு அந்தக் காவலாளிக்கு வந்த அதே அழைப்புதான். படத்துப் பையன்களை உந்தியது ஆர்வம். இப்படி அழைப்பவர்களை உந்துவது பேராசை. அந்த ஆர்வத்தையும் பேராசையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த படம் 'ஹேக்கர்ஸ்'. 1988இல் கணினிகளை முடக்கிய அந்த மாரிஸே பின்னாளில் எம்ஐடியில் பேராசிரியர் ஆனார். கதவைத் தட்டிப் பார்க்கும் குழந்தையைக் கண்டால் விலங்கு மாட்டுவதற்கு முன் அவனுக்கு யாராவது பாடம் சொல்லித்தர வேண்டும்.