கிரெடிட், சிஜிபிஏ, அரியர்: கலைக் கல்லூரியில் முதல் வாரமே காதில் விழும் இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?

கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது நாள். வகுப்புக்கு வந்த பேராசிரியர், "இந்த செமஸ்டர் உங்களுக்கு மொத்தம் 22 கிரெடிட். கோர் பேப்பர் மூணு, அப்புறம் ஜிஇ, ஏஇசி, எஸ்இசி, விஏசி. அட்டெண்டன்ஸ் குறைஞ்சா ஹால் டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். இரண்டு பேருக்குமே எதுவும் புரியவில்லை.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்வி ஆய்வுப்படி, இந்தியாவில் உயர்கல்வியில் இருப்பவர்கள் சுமார் 4.33 கோடி பேர். இளநிலைப் பட்டம் படிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கலைப்பிரிவு மாணவர். அவர்களில் பலருக்கு, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள கல்லூரி போன அண்ணனோ அக்காவோ இல்லை. ஆனால், இந்தச் சொற்களைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சில நேரம் ஒரு வருஷமே கையை விட்டுப் போகும்.

கோர்ஸ் என்றால் பி.ஏ. இல்லை

முதல் குழப்பமே இங்கேதான். "என்ன கோர்ஸ் படிக்கிறே?" என்று கேட்டால் "பி.ஏ. வரலாறு" என்போம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஆவணங்களில் பி.ஏ. என்பது 'புரோகிராம்'. அதற்குள் நீங்கள் படிக்கும் ஒவ்வொரு பேப்பரும்தான் 'கோர்ஸ்'. "ஒரு கோர்ஸில் தேர்ச்சி பெறாவிட்டால்" என்று விதிமுறைப் புத்தகத்தில் படித்துவிட்டு, பட்டமே போச்சு என்று பதற வேண்டாம். அங்கே சொல்லப்படுவது ஒரு பேப்பரைப் பற்றி.

கிரெடிட்: நேரத்தின் கணக்கு

கிரெடிட்டை மதிப்பெண் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஒரு பேப்பரின் எடை. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, செமஸ்டர் முழுவதும் நடந்தால் அது 1 கிரெடிட். செய்முறை வகுப்பு என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தால்தான் 1 கிரெடிட். ஒரு செமஸ்டரில் குறைந்தது 15 வாரம் பாடம் நடக்க வேண்டும் என்பதால், 4 கிரெடிட் பேப்பருக்குச் சுமார் 60 மணி நேர வகுப்பு. தேர்ச்சி பெற்றால் அந்த 4 கிரெடிட்டும் உங்கள் கணக்கில் சேரும். 45 வாங்கினாலும் 4 கிரெடிட், 95 வாங்கினாலும் 4 கிரெடிட்.

அப்படியானால் நன்றாக எழுதியவருக்கு என்ன லாபம்? அங்கேதான் கிரேடு பாயின்ட் வருகிறது. யுஜிசி பரிந்துரைத்த 10 புள்ளி அளவுகோலில் ஓ கிரேடுக்கு 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5, வெறும் பாஸ் என்றால் 4. எஃப் வந்தால் பூஜ்யம். தேர்வுக்கே போகாவிட்டாலும் பூஜ்யம்தான்.

இனி ஒரு கணக்கு. 4 கிரெடிட் பேப்பர் மூன்று, 2 கிரெடிட் பேப்பர் இரண்டு என வைத்துக்கொள்வோம். பெரிய பேப்பர்களில் 8, 7, 6. சின்ன பேப்பர்களில் 10, 5 என்று கிரேடு பாயின்ட் வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டினால் 32+28+24+20+10 = 114. இதை மொத்தக் கிரெடிட்டான 16-ஆல் வகுத்தால் 7.13. இதுதான் அந்த செமஸ்டரின் எஸ்ஜிபிஏ. எல்லா செமஸ்டரையும் இதே முறையில் சேர்த்துக் கணக்கிட்டால் சிஜிபிஏ.

அந்த 10 பாயின்ட் சின்ன பேப்பருக்குப் பதிலாக முதல் பெரிய பேப்பரில் வந்து, அதன் 8 சின்னதுக்குப் போயிருந்தால்? 7.38 ஆகியிருக்கும். "2 கிரெடிட் பேப்பர்தானே, விட்டுடலாம்" என்று 5 வாங்கிய பேப்பரில் ஃபெயில் ஆகியிருந்தால்? 6.5-க்கு இறங்கியிருக்கும், 2 கிரெடிட்டும் பாக்கி நின்றிருக்கும். எல்லா பேப்பரிலும் தேர்ச்சி பெற்றால்தான் பட்டம் என்பதால், சுற்றுச்சூழல் பேப்பரில் தங்கியவருக்கும் டிகிரி நிற்கும்.

சிஜிபிஏ-வைச் சதவீதமாக மாற்றுவது எப்படி?

எல்லோரும் 9.5-ஆல் பெருக்குவார்கள். அது பத்தாம் வகுப்புக்கு சிபிஎஸ்இ வைத்திருந்த வாய்ப்பாடு. உங்கள் பல்கலைக்கழகத்திலும் அதுவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சில இடங்களில் 10-ஆல் பெருக்குவார்கள். சில இடங்களில் 0.75-ஐக் கழித்துவிட்டுப் பெருக்குவார்கள். 6.5 சிஜிபிஏ வைத்திருப்பவருக்கு இந்த மூன்று வழிகளில் கிடைப்பது 61.75%, 65%, 57.5%. வேலைக்கான விண்ணப்பத்தில் '60% கட்டாயம்' என்று இருந்தால், ஒரு வழியில் தகுதி போய்விடுகிறது. ஆகவே மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் பல்கலைக்கழகத்தின் விதிமுறையையும் பாருங்கள். கூகுளில் கிடைக்கும் கால்குலேட்டரை நம்ப வேண்டாம்.

கோர், ஜிஇ, விஏசி... பார்ட் 1, பார்ட் 2

மேலே பேராசிரியர் சொன்ன 22 கிரெடிட் கணக்கு டெல்லி பல்கலைக்கழகத்தில் 2022 முதல் இருப்பது. முதன்மைப் பாடம், அதாவது கோர், மூன்று பேப்பர் (12 கிரெடிட்). வேறு துறையிலிருந்து எடுக்கும் ஜிஇ என்கிற பொது விருப்பப் பாடம் (4). ஏஇசி என்பது மொழி அல்லது சுற்றுச்சூழல், எஸ்இசி என்பது தொழில்திறன், விஏசி என்பது மதிப்புக் கூட்டுப் பாடம். இவை தலா 2. கூட்டிப் பாருங்கள், 22 வரும்.

தமிழ்நாட்டில் இதே சரக்கு வேறு பாத்திரத்தில். பார்ட் 1 தமிழ் அல்லது வேறு மொழி, பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், பார்ட் 4 திறன், சுற்றுச்சூழல் போன்றவை, பார்ட் 5 என்எஸ்எஸ், என்சிசி மாதிரியான விரிவாக்கப் பணி. 'அலைடு' என்று சீனியர்கள் சொல்வது அந்தத் துணைப் பாடத்தைத்தான்.

மூன்று வருஷமா, நான்கு வருஷமா?

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பில், ஒரு வருஷத்தோடு வெளியேறினால் சான்றிதழ், இரண்டு வருஷத்துக்கு டிப்ளமோ, மூன்றுக்குப் பட்டம், நான்குக்கு ஹானர்ஸ். குறைந்தபட்சக் கிரெடிட் முறையே 40, 80, 120, 160. முதல் ஆறு செமஸ்டரில் 75% அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியுடன் கூடிய ஹானர்ஸ் எடுக்கலாம். இடையில் நின்றவர் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்ப வந்து, மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும். முதல் வருஷமோ இரண்டாம் வருஷமோ முடித்து வெளியேறுபவர் கோடை விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லா மாநிலமும் இந்த முறையை ஏற்கவில்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ. இன்னும் மூன்று ஆண்டுதான்.

இந்தக் கிரெடிட்களைச் சேமிக்கும் இடம் ஏபிசி எனப்படும் கிரெடிட் வங்கி, 2021-இல் தொடங்கியது. அபார் என்பது அதோடு இணையும் 12 இலக்க எண். தமிழ் மாணவர்களுக்கு இதில் ஒரு தனித் தலைவலி உண்டு: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செ' என்று ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், இரண்டும் பொருந்தாமல் பதிவு நிற்கலாம். முதல் செமஸ்டரிலேயே சரிபார்த்துவிடுவது நல்லது.

இன்டர்னல், அட்டெண்டன்ஸ், அரியர்

தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மொத்தத்தில் 40 வாங்கினால் போதாது. செமஸ்டர் தேர்வில் மட்டும் 75-க்கு 30 வேண்டும் என்ற விதி பரவலாக உண்டு. இன்டர்னலில் 24, தேர்வில் 27. கூட்டினால் 51. ரிசல்ட், ஃபெயில். என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு இப்படி நடந்தபோது, கூட்டலில் தப்பு என்று நாங்கள் நான்கு பேர் அலுவலகத்தில் போய் சண்டை போட்டோம். கிளார்க் பேசாமல் விதிமுறைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

வருகைப்பதிவில் 75% என்பதுதான் பரவலான எல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் கட்டணம் கட்டி 'கண்டோனேஷன்', அதாவது விதிவிலக்கு, கேட்க வழி இருக்கும். மிகவும் குறைந்தால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டி வரலாம். மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துவிட்டால் வருகைப்பதிவு தானாக ஏறிவிடாது. விதிவிலக்கு கேட்க அது ஒரு ஆதாரம், அவ்வளவே.

தேறாத பேப்பருக்கு நாடு முழுக்க ஆளுக்கொரு பெயர். நமக்கு அது அரியர். ஆந்திரா, தெலங்கானாவில் பேக்லாக், கேரளாவில் சப்ளி, மும்பையில் கேடி, டெல்லி பல்கலைக்கழகத்தில் ஈஆர். வெளிமாநிலத்தில் சேர்ந்திருந்தால் விண்ணப்பத்தில் இந்தச் சொல்லைத் தேடுங்கள், 'அரியர்' என்று எங்கும் இருக்காது.

ரிசல்ட் சரியில்லை என்று தோன்றினால் இரண்டு வழி. ரீடோட்டலிங் என்பது கூட்டலை மட்டும் சரிபார்ப்பது. ரீவேல்யூவேஷனில் விடைத்தாளை வேறொருவர் முழுக்கத் திருத்துவார். கட்டணம் இரண்டுக்கும் வேறு வேறு. விடைத்தாள் நகல் தரும் பல்கலைக்கழகம் என்றால் முதலில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எதற்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யலாம். ரிசல்ட் வந்த சில நாட்களிலேயே கடைசித் தேதி முடிந்துவிடும், அது நோட்டீஸ் போர்டில்தான் ஒட்டியிருக்கும்.