ஓர் உருண்டையின் சரித்திரம்



ஒரு பொருள் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அது ஏன் அப்படி இருக்கிறது என்பது தானே விளங்கும் என்று வகுப்பில் அடிக்கடி சொல்வேன். கோட்டைக்கும் கால்வாய்க்கும் சொன்னதை இன்று ஒரு விளையாட்டுப் பெட்டிக்குச் சொல்லப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பழைய வீடியோ கேம் பெட்டிகள் சிலவற்றில் கைப்பிடி இருக்காது. பலகையில் பாதி புதைந்த ஒரு பந்து இருக்கும். அதை உள்ளங்கையால் உருட்டினால் திரையில் குறி நகரும். அதற்கு டிராக்பால் என்று பெயர். இப்போது அந்தப் பெட்டிகளை வீட்டிலேயே செய்துவைத்துக்கொள்வது வெளிநாடுகளில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. அதில் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் இந்தப் பந்துதான்.

இது விளையாட்டுக்காகப் பிறந்தது இல்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் வந்த பிறகு கடற்படைக்குப் புதிய தலைவலி வந்தது. வரும் விமானங்கள் திரையில் வெறும் புள்ளிகளாகத் தெரியும். எந்தப் புள்ளி எங்கே போகிறது என்று கணக்கிடும் கருவிக்கு மனிதன்தான் புள்ளியைச் சுட்டிக்காட்ட வேண்டும். அதற்கு அப்போது ஜாய்ஸ்டிக் இருந்தது. அதைவிட நேர்த்தியான ஒன்று வேண்டும் என்று நினைத்தார் பிரிட்டிஷ் கடற்படை அறிவியல் பிரிவில் இருந்த ரால்ஃப் பெஞ்சமின். ஜெர்மனியில் பிறந்து, பதின்ம வயதில் அகதியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர் அவர். 1946-ல் ஓர் உலோக உருண்டையை ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்கள்மேல் உருளவிட்டார். ஒரு சக்கரம் இடவலத்தை அளக்கும், மற்றது மேல்கீழை அளக்கும். 1947-ல் காப்புரிமையும் பதிவானது. ஆனால் அது ராணுவ ரகசியம். வெளியுலகுக்குத் தெரியவில்லை.

கனடாக் கடற்படைக்கும் அதே தேவை வந்தது. கப்பல்கள் தங்கள் ரேடார் செய்திகளை ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ள 'டேட்டார்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அதில் வேலை செய்த டாம் கிரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் மூவரும் 1952-ல் ஒரு டிராக்பால் செய்தார்கள். பந்துக்கு எங்கே போவது? கனடாவில் பிரபலமான ஃபைவ்-பின் பௌலிங் விளையாட்டின் பந்தையே எடுத்துப் பொருத்திவிட்டார்கள்! பந்து உருள, அதைத் தொட்டிருக்கும் தட்டுகள் சுழலும். தட்டின் விளிம்பு கம்பிகளைத் தொட்டுத் தொட்டு விலகும். ஒவ்வொரு தொடுதலும் ஒரு மின்துடிப்பு. துடிப்புகளை எண்ணினால் பந்து எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். ஆண்டாரியோ ஏரியில் சோதனையும் நடந்தது. செலவு அதிகம் என்று அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. இதுவும் ரகசியம்தான், காப்புரிமையும் இல்லை.

மூன்றாவது கதை ஜெர்மனியில். டெலிஃபுங்கன் நிறுவனம் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக டிராக்பால் செய்துகொண்டிருந்தது. அங்கே ரைனர் மல்லபிரைன் என்ற பொறியாளருக்கு, பந்தை ஏன் தலைகீழாகக் கவிழ்த்து மேசைமேல் உருட்டக் கூடாது என்று தோன்றியது. 1968-ல் அவர்கள் வெளியிட்ட அந்த 'உருள் பந்து'தான் இன்று நாம் மவுஸ் என்று சொல்லும் சாதனம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம்முடைய மவுஸை மேடையில் காட்டினார். டெலிஃபுங்கன் காப்புரிமை கேட்டபோது, இதில் பெரிய புதுமை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். யார் முதலில் கண்டுபிடித்தார் என்று தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி வைக்கிறோமே, உண்மையான விடை பெரும்பாலும் இப்படித்தான் மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கும்.

சாமானிய மக்கள் கைக்குப் பந்து பரவலாக வந்தது 1978-ல், அட்டாரியின் 'ஃபுட்பால்' பெட்டியில். வேகமாக உருட்டி உருட்டி உள்ளங்கையில் கொப்புளம் வந்தவர்கள் உண்டு. 1980-ல் 'மிஸைல் கமாண்ட்' வந்தது. கீழே ஆறு நகரங்கள், மேலிருந்து ஏவுகணைகள். பந்தை உருட்டிக் குறிவைத்துத் தடுக்க வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் கடைசியில் நகரங்கள் அழியும், வெற்றி என்பதே கிடையாது. அதை உருவாக்கிய டேவ் தியூரர், அணுகுண்டு விழுவதுபோலக் கெட்ட கனவுகள் வந்து தவித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். திரையில் வரும் ஆபத்தைப் பந்தால் துரத்திப் பிடி என்பதுதானே 1946-ல் பெஞ்சமின் தீர்க்க முயன்ற கணக்கு? 34 ஆண்டுகள் கழித்து அதே வேலையைப் பிள்ளைகள் காசு போட்டுச் செய்தார்கள். அடுத்த ஆண்டு டோனா பெய்லியும் எட் லாக்கும் செய்த 'சென்டிபீட்' வந்து, டிராக்பாலை இன்னும் பிரபலமாக்கியது.

இனி ரிப்பேர் கதை. நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் இப்படி ஒரு பெட்டி செய்திருக்கிறார். பந்தை உருட்டினால் குறி மேலும் கீழும் ஒழுங்காகப் போகிறது, இடவலமாக மட்டும் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. "சார், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?" என்று கேட்டார். வேண்டாம் தம்பி, முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

உள்ளே இருப்பது பெஞ்சமினின் அமைப்பேதான். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உருளைகள், பந்தைத் தாங்க மூன்றாவதாக ஒரு சிறு பேரிங். ஒவ்வோர் உருளையின் முனையிலும் பற்கள் வெட்டிய ஒரு தட்டு. கம்பிக்குப் பதில் இப்போது ஒளி: ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் இரண்டு சென்சார். தட்டு சுழலும்போது ஒளி மறைந்து மறைந்து தெரியும். ஏன் இரண்டு சென்சார்? ஒன்று மட்டும் இருந்தால் பந்து நகர்ந்தது தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. இரண்டும் சற்று முன்பின்னாகத் துடிக்கும்படி வைத்தால், எது முந்துகிறது என்பதை வைத்துத் திசையைச் சொல்லிவிடலாம்.

இது புரிந்தால் நோயும் புரியும். ஒரு சென்சார் செத்துவிட்டால் கருவிக்கு ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்றே கணக்கு வரும். அதுதான் அந்த நடுக்கம். கோளாறு பந்து அமைப்பிலா, கணினியோடு இணைக்கும் சிறு பலகையிலா என்று அறிய இடவலம், மேல்கீழ் இரண்டின் இணைப்புகளையும் மாற்றிச் செருகச் சொன்னேன். நடுக்கம் இப்போது மேல்கீழுக்கு மாறியது. அப்படியானால் பலகை நன்றாக இருக்கிறது, பந்துப் பக்கம்தான் பழுது. திறந்து பார்த்தால் ஒரு சென்சாரின் கண்ணில் பஞ்சுபோல் தூசி. ஊதித் துடைத்ததும் சரியாகிவிட்டது.

மற்றவர்களுக்கும் உதவும் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

1. பந்து தடைப்பட்டு உருண்டால், பந்தை எடுத்துவிட்டு உருளைகளை விரலால் சுண்டிப் பாருங்கள். சிறிது நேரம் தானே சுற்ற வேண்டும். உடனே நின்றால் பேரிங் வறண்டிருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடலாம், இல்லாவிட்டால் பேரிங்கை மாற்றலாம்.

2. உருளையின் நடுவில் அழுக்கு வளையம் கட்டியிருந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உருளைமேலும் பந்துமேலும் எண்ணெய் படவே கூடாது. வழுக்கிவிடும், உருளை சுழலாது.

3. குறி எதிர்த்திசையில் போனால் அந்த அச்சின் இரண்டு சென்சார் கம்பிகளும் இடம் மாறியிருக்கின்றன.

4. எந்தப் பக்கமும் அசையாவிட்டால் முதலில் 5 வோல்ட் மின்சாரமும் தரைக்கம்பியும் வருகின்றனவா என்று பாருங்கள்.

5. எல்லாம் சரியாக இருந்தும் கேம் மட்டும் கேட்கவில்லை என்றால், மென்பொருளில் மவுஸ் உள்ளீடு அணைக்கப்பட்டிருக்கலாம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. பெஞ்சமின் கண்டுபிடித்தது ரகசியமாகப் பூட்டப்பட்டது. கனடாக்காரர்கள் செய்தது திட்டத்தோடு முடங்கியது. ஒருவர் அறிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய பெட்டிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்றால், எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த பேரிங் பொருந்தும் என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுப்பதால்தான். ஆசிரியராக எனக்கு இந்தச் சரித்திரத்தில் பிடித்த பாடம் அதுதான்.

இன்னொன்று. வீட்டில் யாராவது கர்ப்பிணிகள் இருந்து ஸ்கேன் எடுக்கக் கூடப் போனால், டாக்டரின் கையருகே பாருங்கள். பல ஸ்கேன் இயந்திரங்களில் ஒரு சிறு பந்து இருக்கும். அதை உருட்டித்தான் குழந்தையின் தலையளவைக் குறிப்பார்கள். எதிரி விமானத்தைக் குறிக்கப் பிறந்த உருண்டை அது.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி எதையாவது பழுதுபார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாருக்கும் பயன்படும்.

வாழ்க வளமுடன்.