வாய்க்கால் மீனுக்கும் ஒரு வரலாறு உண்டு



அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு போன்ற கரையோரத் தாழ்நிலங்களில் ஏரி, வாய்க்கால், நடவு வயல் எங்கும் சின்ன மீன்கள் துள்ளும். குழம்புக்கு ஆகாது என்று யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் கரையோர நன்னீரில் வாழும் ஒரு சின்ன மீனுக்குப் பெரிய வரலாறு இருக்கிறதுங்க.

புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றில் பிடித்த மீன் அது. பாரிஸ் நகரத்து அறிஞர் கூவியே 1831-ல் அதை நூலில் ஏற்றி, ஆற்றின் பெயரையொட்டி 'கூபானஸ்' என்று பெயர் வைத்தார். 1879-ல் டச்சு அறிஞர் பிளீக்கர் அதற்கு 'சூடோஸ்ப்ரோமினஸ்' என்று தனிப் பேரினமே வகுத்தார்.

இந்தப் பேரினத்தில் இருப்பது இரண்டே வகை. ஒன்று நம்முடையது; இலங்கையிலும் உண்டு. மற்றது கேரளப் பக்கத்து மீன். 'இந்திய மீன்கள்' நூல் எழுதிய மதராஸ் படை மருத்துவர் பிரான்சிஸ் டே பெயரைத் தாங்கியது. அதை அழியும் ஆபத்துள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம்முடையதுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை.

நம்ம மீன் பனையேறிக்கு உறவு. மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதனால் கலங்கிய குட்டையிலும் பிழைக்கும். ஆண் மீன் இலைக்கடியில் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். கொசுப்புழுவைத் தின்னும்.

இப்படி நம் குட்டையிலேயே காவல்காரன் இருக்க, கொசுவை ஒழிக்க 1928-ல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைக் கொண்டுவந்தார்கள். அதுவோ கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற மீனின் முட்டை, குஞ்சுகளையும் தின்னும். பின்னால் பூச்சிமருந்துகளும் வந்தன. மீனுக்குக் கொடிய விஷமான எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் தடை செய்தது 2011-ல்தான். காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீனுக்கும் விஷத்திலிருந்து தப்ப வழியில்லை, பாருங்க.

நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மருந்து தெளித்த டப்பாவை, தெளிப்பானை வாய்க்காலில் கழுவாதீர்கள். வயல் மூலையில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்க விடுங்கள். வெளியூர் மீனை ஊர்க் குட்டையில் விடாதீர்கள்.

இரண்டே பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்று நோயில் கிடக்கிறது. மற்றது நம் வரப்போரம் வளர்கிறது. அதைக் காப்பது நம் கையில்தானே இருக்கிறது?